துணைமரம்

ஒரு வீட்டுக்குள் நுழைகிறவர் தரையைப் பார்ப்பார், சுவரைப் பார்ப்பார், சாளரத்தின் வழியே வரும் வெளிச்சத்தையும் பார்ப்பார். அண்ணாந்து உத்தரத்தைப் பார்ப்பவர் அரியர். அது தன் கடமையைச் செவ்வனே செய்துகொண்டிருக்கும் வரையில் அதனைப் பார்க்க வேண்டிய தேவை எவருக்கும் எழுவதில்லை. ஒரு நாள், கூரையின் கோடு குழிந்திருப்பது தெருவிலிருந்து தெரிகிறது. அல்லது மழை இரவில் மேலிருந்து 'மடக்' என்று ஓர் ஓசை கேட்கிறது. அதன் பின்னர் வீட்டார் அனைவரும் அண்ணாந்து பார்க்கின்றனர்.

பார்த்த பின் செய்யக்கூடியவை மூன்று. கீழே பலகை அடித்து மறைத்துவிடலாம். பழைய உத்தரத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை ஏற்றலாம். அல்லது, இருப்பதை இருந்த இடத்திலேயே வைத்து அதற்கு வலுவூட்டலாம். முதலாவது தவறு என்பதைச் சிறுவரும் அறிவர். ஆயினும் மிகுதியாக நடைபெறுவது அதுவே. மற்ற இரண்டில் எதைத் தேர்வது என்பது தச்சருக்குரிய கேள்வி போலத் தோன்றும். சற்று ஆழ்ந்து நோக்கினால், நெடுங்காலம் பாரம் சுமந்த ஒன்றுக்கு மனிதன் பட்ட கடன் யாது, அதன் கீழே உறங்குவோர்க்கு அவன் பட்ட கடன் யாது, இவ்விரண்டும் மோதும்போது எதனை விடுவது என்னும் அறக்கேள்வியாக அது விரிவதைக் காணலாம்.

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரில் அத்தகைய வீடுகள் ஏராளம். 2008ஆம் ஆண்டில் மலாக்காவோடு சேர்த்து உலக மரபுடைமைத் தலமாக அறிவிக்கப்பட்ட அந்நகரின் பழைய கடைவீடுகள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக நிற்பவை. கீழே கடை, மேலே குடியிருப்பு. இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரே செங்கற்சுவர். அச்சுவரிலிருந்து மறு சுவருக்குக் குறுக்காக உத்தரங்கள் ஓடுகின்றன. அவற்றின்மேல் சட்டங்களும் அவற்றின்மேல் ஓடுகளும் அமர்ந்துள்ளன. வீட்டின் நீளம் எவ்வளவாகவும் இருக்கலாம். அகலம் மட்டும் பெரும்பாலும் இருபது அடியைச் சுற்றியே அமைந்தது. கிடைத்த மரம் எவ்வளவு தொலைவுக்குத் தாங்கும் என்பதே அந்த அகலத்தை வகுத்தது. மனிதர் வாழ்ந்த அறையின் அளவை ஒரு மரத்தின் ஆற்றல் முடிவு செய்தது என்று சொன்னால் அது மிகையன்று.

அவ்வீடுகளில் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். தந்தை விட்டுச்சென்ற வீடு. மகனுக்கு நாற்பது வயது. மேல்மாடியை மாணவர் நால்வருக்கு வாடகைக்கு விட அவர் எண்ணுகிறார். கூரை உத்தரம் ஒன்று நடுவில் கையகல அளவுக்குத் தொய்ந்திருக்கிறது. 'கீழே வெள்ளைப் பலகை அடித்துச் சாயம் பூசிவிட்டால் அறை புதிதாகிவிடும்' என்று ஒருவர் கூறுகிறார். செலவும் குறைவு. வாடகைக்கு வரும் மாணவர் அண்ணாந்து பார்த்தால் தூய வெண்மை ஒன்றையே காண்பர். அதற்கு மேலே இருப்பதை அறியும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. அறிந்து மறைத்தவர் வேறோர் இடத்தில் அச்சமின்றி உறங்குவார். ஒருவன் தன் தலைக்குமேல் உள்ள இடரை அறிந்தே ஏற்பது வேறு. பிறர் தலைக்குமேல் அதனை வைத்து மூடுவது வேறு. இதனை அவர் உணர்ந்தார் போலும். பலகை வாங்கச் செல்லுமுன் முதிய தச்சர் ஒருவரை அழைத்து வந்தார்.

தச்சர் ஏணியில் ஏறியதும் வளைந்த நடுப்பகுதியைப் பார்க்கவில்லை. நேராகச் சுவரோரம் சென்றார். கையிலிருந்த சுத்தியலின் பிடியால் உத்தரத்தைத் தட்டிக்கொண்டே போனார். நடுவில் கணீரென்று ஒலித்த மரம் சுவரை நெருங்கியதும் மந்தமாக ஒலித்தது. துளையூசியைக் குத்தினார், அது இரண்டு விரற்கடை உள்ளே இறங்கியது.

"ஐயா, வெடிப்பு நடுவில் அல்லவா இருக்கிறது? ஓரத்தில் ஏன் குத்துகிறீர்கள்?" என்றார் வீட்டுக்காரர்.

"அந்த வெடிப்பு மரம் காய்ந்தபோது நீளவாக்கில் விட்டது, தம்பி. உங்கள் தகப்பனார் பிறக்கும் முன்பே விட்டிருக்கும். அதனால் கெடுதி இல்லை. குறுக்கே, அதுவும் அடிப்பக்கம் வெடித்தால்தான் பயப்பட வேண்டும்."

இந்தச் சிறு விடையில் ஒரு பெரிய பாடம் அடங்கியிருக்கிறது. உத்தரம் ஒன்றின்மேல் பாரம் ஏறும்போது அதன் மேற்பகுதி நெருக்கப்படுகிறது, அடிப்பகுதி இழுபடுகிறது. நீளவாக்கில் ஓடும் பிளவு மர இழைகளைப் பெரிதும் அறுப்பதில்லை. அடிப்பகுதியில் குறுக்கே விழும் பிளவோ, இழுவையைத் தாங்கிநிற்கும் இழைகளையே அறுத்துவிடுகிறது. கண்ணுக்கு முதல்வகைப் பிளவே அச்சந்தருவது. இரண்டாவது மயிரிழைபோல் மெலிதாகத் தோன்றலாம். குறைகளைத் தோற்றத்தின் பருமையால் அளக்கும் பழக்கம் மரத்தினிடத்தில் மட்டுமா பிழையாகிறது? வகுப்பறையில் ஓயாமல் ஓசையிடும் மாணவனைக் கண்டு கவலைப்படும் ஆசிரியர், கடைசி வரிசையில் சில வாரங்களாகப் பேசாமலிருக்கும் மாணவியைக் கவனியாது விடுவதும் உண்டு.

நோயைக் கண்டபின் அதன் மூலத்தையும் காண வேண்டும் என்று வள்ளுவர் மருத்துவனுக்கு விதித்தார். தச்சர் கண்ட மூலங்கள் இரண்டு. ஒன்று, உத்தரத்தின் நடுவே கட்டைகளை அடுக்கி அவற்றின்மேல் வீட்டுக்காரரின் தந்தை அமைத்திருந்த தண்ணீர்த் தொட்டி. அது நானூறு லிட்டர் கொள்வது. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோகிராம்; ஆகவே ஐந்தாறு மனிதர் இரவும் பகலும் இறங்காமல் அந்த மரத்தின் நடுவில் பல்லாண்டுகள் நின்றிருந்தனர் எனலாம். மற்றொன்று, அண்டை வீட்டின் கூரைக்கால்வாய். அதிலிருந்து கசிந்த நீர் பொதுச்சுவரில் ஊறி, சுவருக்குள் பதிந்திருந்த மர முனையை ஈரத்திலேயே வைத்திருந்தது. உலர்ந்த மரம் உளுத்துப்போவதில்லை. எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈரம் நிலைத்து நின்றால்தான் மரத்தைத் தின்னும் காளான் அதில் வேர்கொள்ளும். நூறாண்டு கண்ட உத்தரங்களில் முதலில் கெடுவது பெரும்பாலும் முனைகளே. அவையே சுவருக்குள் மறைந்து, காற்றுப்படாமல், கண்ணுக்குத் தெரியாமல் இருப்பவை.

இனி, பழி யாருடையது? தொட்டியை வைத்த தந்தை இறந்துவிட்டார். அண்டை வீட்டுக்காரருக்குத் தம் கால்வாய் ஒழுகுவதே தெரியாது. ஒழுகிய நீர் அவருடைய அறைக்குள் ஒருநாளும் வந்ததில்லை. அதற்கும் முன்னே செல்லலாம். 1948ஆம் ஆண்டுக்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை மலேசியாவில் 1966ஆம் ஆண்டின் சட்டமொன்று கட்டுப்படுத்தி வந்தது. 1999ஆம் ஆண்டின் இறுதியோடு அந்தக் கட்டுப்பாடு விலகியது. எளியோர் நகரின் நடுவில் குறைந்த வாடகையில் வாழ அச்சட்டம் உதவியது என்பதை மறுக்கலாகாது. ஆனால் அந்த வாடகையைப் பெற்ற உரிமையாளர் கூரையைச் செப்பனிடக் கைப்பணம் செலவிட முன்வரவில்லை. குடியிருந்தவரோ, தமக்குச் சொந்தமல்லாத கூரைக்கு ஏன் செலவிட வேண்டும் என்றிருந்தார். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. அவ்விரு நியாயங்களுக்கும் இடையே மழைநீர் இறங்கிக்கொண்டிருந்தது.

பழியைப் பகுத்துக் கொடுத்து முடித்த பின்னரும் உத்தரம் வளைந்தபடியே இருக்கும். 'வளைத்தவர் யார்?' என்பதும் 'தாங்கப் போகிறவர் யார்?' என்பதும் இருவேறு கேள்விகள். முதற்கேள்விக்கு விடை கிடைத்த பின்னரே இரண்டாவதைத் தொடுவேன் என்பவர், பெரும்பாலும் இரண்டாவதைத் தொட விரும்பாதவர்.

வலுவூட்டும் வழிகள் பல. மரத்தின் உரத்தைக் கணக்கிட முயன்றவர்களுள் கலிலியோ குறிப்பிடத்தக்கவர். வீட்டுக்காவலில் இருந்த முதுமையில், 1638ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் அவர் இதனை ஆராய்ந்தார். உத்தரம் முறியும்போது உள்ளே விசைகள் எங்ஙனம் பரவுகின்றன என்பதில் அவர் கணக்குத் தவறியது. அதனைத் திருத்தப் பிற்காலத்தார்க்கு நெடுங்காலம் பிடித்தது. ஆயினும் அகலத்தைவிட உயரமே உத்தரத்துக்கு உரம் என்பதைச் சரியாகவே கண்டார். அகலத்தை இருமடங்காக்கினால் உரமும் இருமடங்கே ஆகும். உயரத்தை இருமடங்காக்கினால் உரம் நான்கு மடங்காகும், வளையாமல் நிற்கும் விறைப்போ எட்டு மடங்காகும். பலகையைப் படுக்கவைத்து நடந்தால் வளைவதும், அதையே நிமிர்த்து வைத்தால் வளையாததும் இதனால்தான்.

இவை எல்லாவற்றினும் எளிய வழி, நடுவில் ஒரு தூண் நிறுத்துவது. சீராகப் பரவிய பாரத்தைத் தாங்கும் உத்தரத்தின் நீளம் பாதியானால், அதன் தொய்வு பதினாறில் ஒரு பங்காகக் குறையும். இவ்வளவு பயன் தரும் வழியை மக்கள் ஏன் வெறுக்கின்றனர்? தூண் அறையின் நடுவில் நிற்கும். வருவோர் போவோர் கண்ணில் படும். 'இவ்வீடு தானாக நிற்கவில்லை' என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். உதவி வேண்டும், அது பிறர் கண்ணில் படலாகாது என்பதே மனிதர் பலரின் விருப்பம். 1877ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பழங்கட்டடப் பாதுகாப்புக் கழகத்தைத் தொடங்கிய வில்லியம் மோரிஸ் இதற்கு நேர்மாறாக எண்ணினார். சாயும் சுவருக்கு முட்டுக் கொடுத்தால் அது முட்டாகவே தோன்ற வேண்டும், பழைமைபோல் வேடம் பூணலாகாது என்பது அவர் கொள்கை. செப்பம் என்பது வெட்கப்பட வேண்டியதன்று என்னும் அளவில் அவர் கூற்று ஏற்கத்தக்கதே. எனினும், குடியிருப்பவன் நாள்தோறும் இடித்துக்கொள்ளும் தூண் நேர்மையானதாயினும் நல்ல தூண் ஆகாது.

தூணைப் பற்றித் தச்சர் வேறொன்றும் சொன்னார். மேல்மாடியில் தூண் நிறுத்தினால் கூரையின் பாரம் எங்கே போகும்? மாடித் தரையின் உத்தரத்துக்குப் போகும். அதற்குக் கீழே இன்னொரு தூண் வேண்டும். அதற்குக் கீழே மண்ணில் அடித்தளம் வேண்டும். பாரம் ஒருபோதும் மறைந்துபோவதில்லை. ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாறுகிறது. குடும்பம் ஒன்றில் தந்தையின் சுமையைக் குறைத்துவிட்டதாக மகிழ்வோர், அச்சுமை மூத்த மகளின் படிப்பின்மேல் போய் இறங்கியிருப்பதைச் சில ஆண்டுகள் கழித்தே காண்கின்றனர்.

ஆகவே தூண் வேண்டாம் என்று முடிவாயிற்று. உத்தரத்தின் பக்கத்தில், அதே நீளத்துக்கு, இரு சுவரிலும் அமரும்படி ஒரு துணைமரம் வைத்து, இரண்டையும் மரையாணிகளால் பிணைப்பது என்பதே தச்சர் தேர்ந்த வழி. இடித்த பழைய வீடொன்றிலிருந்து வந்த செங்கால் மரத்தை அவர் தேடிப்பிடித்தார். கறையானுக்கும் ஈரத்துக்கும் எளிதில் இடங்கொடாத வைரம் பாய்ந்த மரம் அது. அதனினும் முதன்மையாக, நன்கு உலர்ந்த மரம். பச்சை மரத்தை வைத்துப் பிணைத்தால், அது உலர்ந்து சுருங்கும்போது ஆணிகள் தளர்ந்துவிடும்; துணையாக வந்தது பிடியை விட்டுவிடும்.

மரம் வந்துவிட்டது. உடனே பிணைத்துவிடலாம் என்று வீட்டுக்காரர் எண்ணினார். "இப்போது பிணைத்தால் அது சும்மா தொங்கும், தம்பி" என்றார் தச்சர்.

துணைமரத்தைப் பற்றிய செய்திகளுள் தலையாயது இதுவே. பழைய உத்தரம் தன்மேல் உள்ள பாரம் முழுவதையும் ஏற்கெனவே சுமந்து, அதற்கேற்ப வளைந்தும் விட்டது. இந்நிலையில் பக்கத்தில் ஒரு புதுமரத்தைக் கொண்டுவந்து ஆணியடித்தால், அப்புதுமரம் வளையவில்லை. வளையாத மரத்தில் பாரம் இல்லை. நாளைக்குப் புதிதாக ஏறும் பாரத்தில் மட்டுமே அதற்குப் பங்கு கிடைக்கும். இன்றுள்ள பாரமோ பழைய மரத்தின் தலையிலேயே இருக்கும். பார்ப்பவர், 'இரண்டு மரங்கள் தாங்குகின்றன' என்று மனம் அமைவர். உண்மையில் ஒன்று தாங்குகிறது. மற்றொன்று உடன் நிற்கிறது. இரண்டும் தாங்க வேண்டுமானால், முதலில் கீழிருந்து முட்டுக் கொடுத்துப் பழைய உத்தரத்தின் பாரத்தை இறக்க வேண்டும். இறக்கிய நிலையில் துணைமரத்தைப் பிணைக்க வேண்டும். அதன் பிறகு முட்டை எடுத்தால், திரும்பி வரும் பாரம் இரண்டின்மேலும் பகிர்ந்து இறங்கும்.

இந்நாட்டுத் தோட்டப்புறப் பள்ளிகளின் வரலாற்றை அறிந்தவர்க்கு இது புதிதன்று. விடியுமுன் எழுந்து பெற்றோரோடு பால்மரக் காட்டுக்குச் சென்று, கோப்பை துடைத்தும் பால் வாளி தூக்கியும் உதவிவிட்டு, அதன் பின் பள்ளிக்கு வந்த சிறுவர் ஒரு காலத்தில் பலர். அத்தகைய சிறுவன் எண்கணக்கில் பின்தங்கினான். பரிவுள்ள ஆசிரியர் அவனுக்கு மாலையில் கூடுதல் வகுப்பு வைத்தார். அவன் அங்கும் வந்து அமர்ந்தான், அங்கும் உறங்கினான். ஆசிரியரின் பரிவில் குறையில்லை, வகுப்பிலும் குறையில்லை. காலைச் சுமை அப்படியே இருக்க, அதன் பக்கத்தில் ஓர் உதவி ஆணியடிக்கப்பட்டது. 'எவ்வளவோ செய்தோம், பயனில்லை' என்று பின்னர் அவனைப் பற்றிக் கூறப்பட்டது. வேறு சில ஆசிரியர், அவன் பெற்றோரைக் கண்டு பேசி, வாரத்தில் இரண்டு நாளாவது அவனை உறங்கவிடச் செய்தனர். அவர்கள் கற்பித்தது குறைவே. ஆயினும் அந்தக் குறைந்த பாடத்துக்கு அவனிடத்தில் இடம் இருந்தது.

தொட்டியை இறக்கியபோது உத்தரம் சிறிது மேலெழுந்தது. ஒரு விரற்கடைகூட இராது. எனினும் சுவருக்குச் சுவர் கட்டியிருந்த நூல் அதனைக் காட்டிற்று. மீதி வளைவு அப்படியே நின்றது. நெடுங்காலம் பாரத்தின்கீழ் இருக்கும் மரம் மெல்ல மெல்ல, ஆண்டுக்கு ஆண்டு, தொடர்ந்து வளையும் இயல்புடையது. பாரத்தை எடுத்தாலும் அவ்வளைவில் பெரும்பகுதி மீள்வதில்லை. ஜாக்கியை வைத்து முழுவதும் நிமிர்த்திவிடலாமே என்று வீட்டுக்காரர் கேட்டார். தச்சர் இசையவில்லை. அடம்பிடித்து நிமிர்த்தினால் வளைவில் பழகிப்போன இழைகள் முறியலாம்; வளைவுக்கேற்பத் தம்மை அமைத்துக்கொண்ட சட்டங்களும் ஓடுகளும் இடம் பெயரலாம்; சுவரின் சுண்ணப்பூச்சு பிளக்கலாம். பாரம் கைமாறும் அளவுக்கு உயர்த்தினால் போதும். அதையும் நாளுக்குச் சிறிதாகவே உயர்த்த வேண்டும். மீதி வளைவு அம்மரத்தினுடையது. வலுவூட்டுவதும் நேராக்குவதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை அறியாத பெற்றோரும் ஆசிரியரும் எத்தனையோ பேரைத் திருத்தப் புகுந்து முறித்திருக்கின்றனர்.

மரத்துக்குப் பதில் இரும்புத் தகட்டைப் பிணைத்தால் என்ன என்னும் எண்ணமும் எழுந்தது. இங்குத்தான் மெய்யியலாரை ஈர்க்கும் சிக்கல் இருக்கிறது. இணைந்து நிற்கும் இரண்டு பொருள்கள் பாரத்தைச் சரிபாதியாகப் பகிர்வதில்லை. விறைப்பு மிக்கது மிகுதியாக ஏற்கும். உருக்கு, மரத்தைவிடப் பத்து முதல் இருபது மடங்கு விறைப்பானது. ஆகவே, தடித்த உத்தரத்தின் இருபுறமும் போதிய உருக்குத் தகடுகளை வைத்தால் பாரத்தின் பெரும்பகுதி அவற்றுக்கே போய்விடும். மரம் நடுவில் இருக்கும். உத்தரம் என்னும் பெயரும் அதற்கே இருக்கும். சுமப்பது அதுவாக இராது.

இதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. இலண்டனில் பாராளுமன்றக் கட்டடத்தை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் ஓக் மரக்கூரை, இரண்டாம் ரிச்சர்டு மன்னர் காலத்தில், 1390களில், ஹியூ ஹெர்லாண்டு என்னும் தச்சர் தலைமையில் அமைக்கப்பட்டது. நடுவில் ஒரு தூணுமின்றி அறுபத்தெட்டு அடி அகலத்தை அது மூடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்தபோது, வண்டுகள் குடைந்து பெருமரங்கள் பலவற்றின் உள்ளே குகைபோல் குழிவு விழுந்திருந்தது தெரிந்தது. பிராங்க் பெய்ன்ஸ் என்பவர் மேற்பார்வையில் 1914 முதல் 1923 வரை செப்பம் நடைபெற்றது. பழைய மரங்களுக்கு இடையே, கீழிருந்து நோக்குவோர் கண்ணில் எளிதில் படாதவாறு, உருக்குச் சட்டங்கள் பொருத்தப்பட்டுப் பாரம் அவற்றுக்கு மாற்றப்பட்டது. 1941 மே மாதம் 10ஆம் நாள் இரவு குண்டுவீச்சில் அம்மண்டபமும் மக்களவையும் ஒருங்கே தீப்பற்றியபோது, மக்களவையை எரியவிட்டு மண்டபக் கூரையைக் காத்தனர். உருக்கின் துணையால் நிற்கும் கூரைக்காக இவ்வளவு செய்தது மடமையா? அன்று, அந்த மரங்களில் இருந்தது தாங்கும் ஆற்றல் மட்டும் அன்று, அறுநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த தச்சரின் அறிவும் அவற்றில் இருந்தது.

ஏதென்சு மக்கள் தீசியசின் கப்பலைப் பலகை பலகையாக மாற்றிக் காத்துவந்ததையும், 'இஃது அதே கப்பலா?' என்று அறிஞர் வாதிட்டதையும் புளூட்டார்க் எழுதிவைத்தார். அங்கே பொருள் மாறியது, பணி தொடர்ந்தது. தகடு பொருத்திய உத்தரத்திலோ பொருள் தொடர்கிறது, பணி போய்விடுகிறது. இரண்டில் எது பெரிய இழப்பு? நினைவுச் சின்னத்துக்குப் பொருள் பெரிதாக இருக்கலாம். வாழும் வீட்டில், சுமக்க இயன்ற ஒன்றைச் சுமக்கவிடாமல் அலங்காரமாக நிறுத்துவது மரியாதை போலத் தோன்றும் ஒருவகைப் புறக்கணிப்பே. முதியவரை நடுக்கூடத்தில் உயர்ந்த இருக்கையில் அமர்த்தி, வீட்டின் எச்செய்தியையும் அவரிடம் கலந்து பேசாமல் விடும் குடும்பங்கள் உண்டு. 'நீங்கள் ஓய்வாக இருங்கள்' என்னும் சொல், சிலர் வாயில் அன்பு. சிலர் வாயில் நீக்கம்.

எதிர்வாதம் வலுவானதே. கீழே நான்கு பிள்ளைகள் உறங்கப்போகின்றனர். மரத்தின் மானம் காப்பதற்காக அவர்களைப் பணயம் வைக்கலாமா? கூடவே கூடாது. உள்ளீடற்றுப் போன உத்தரத்துக்குப் பாரம் கொடுப்பது அதற்கும் நன்றன்று. அதன் கீழ் இருப்பவர்க்கும் நன்றன்று. அதனை இறக்கிவிட வேண்டியதுதான். பழையதை நீக்குவது எப்போதும் நன்றிகேடு என்றும் கொள்ளலாகாது. ஜப்பானின் இசே திருத்தலத்தில் இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுக்கோயில் கட்டிப் பழையதைப் பிரிக்கின்றனர். 2013ஆம் ஆண்டில் நடந்தது அறுபத்திரண்டாவது முறை. பிரித்த மரங்கள் வேறு கோயில்களுக்குச் சென்று மீண்டும் பயன்படுகின்றன. இளைய தச்சர் மூத்தோரிடம் தொழில் கற்கின்றனர். அங்கே மாற்றுவதே காப்பதாக அமைகிறது. ஆகையால், 'பழையதா, புதியதா?' என்று கேட்பதைவிட, 'இதனால் இன்னும் எவ்வளவு இயலும்?' என்று தட்டிப் பார்த்தும் குத்திப் பார்த்தும் அறிவதே முறை. அவ்வாறு பாராமல் எறிவது அநீதி என்றால், பாராமல் நம்புவதும் அநீதியே.

தச்சர் பார்த்தார். சுவரோரம் ஒன்றரை அடி கெட்டிருந்தது. மற்றபடி மரம் உறுதியாக இருந்தது. முட்டுகள் நின்றபடி இருக்க, கெட்ட பகுதியை நல்ல மரம் தட்டுப்படும் வரை அறுத்து நீக்கினார். துணைமரத்தின் முனை சுவரில் அமரும் இடத்தில் சுற்றிலும் காற்றுப்போக இடைவெளி விட்டார். மரையாணிக்குரிய துளைகளை உத்தரத்தின் மேலோரத்திலும் அடியோரத்திலும் இடாமல், நெருக்கமும் இழுவையும் குறைந்த நடு உயரத்தை ஒட்டி இட்டார். அண்டை வீட்டாரோடு பேசும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. அவர் போய், "அண்ணே, உங்கள் கால்வாயைச் செப்பனிடும் செலவில் பாதி என்னுடையது" என்றார். அண்டை வீட்டுக்காரர் முதலில் வியந்தார்; பிறகு ஏணியைத் தாமே எடுத்து வந்தார்.

முட்டுகளை எடுக்கும் நாளில் ஆப்புகளை ஒரே அடியில் தட்டிவிடவில்லை. ஒவ்வொன்றாக, ஒவ்வோர் அடியாகத் தளர்த்தினார். பாரம் இறங்க இறங்க மரங்கள் இரண்டும் மெல்ல முனகின. தச்சர் கையை உயர்த்திப் பேச்சை நிறுத்தச் சொல்லிச் சிறிது நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். நூல் அரை விரற்கடை அசைந்து, நின்றது.

"இனிப் பலகை அடிக்கலாமா, ஐயா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"அடியுங்கள், தம்பி. ஆனால் சுவரோரம் ஓர் ஆள் தலை நுழையும் அளவுக்குக் கதவு வையுங்கள். நூலை அவிழ்க்க வேண்டாம். மழைக்காலம் முடிந்ததும் ஏறிப் பாருங்கள். குடிவரும் பிள்ளைகளுக்கும் அது எதற்கென்று சொல்லிவையுங்கள்."